போதும்பொண்ணு

கல்லூரியில் சேர விண்ணப்பம் எழுதியபோது, ‘தாயார் பெயர்’ என்ற இடத்தில் என் பேனா நின்றது. “முத்துலட்சுமின்னு போட்டுரு தாயி” என்றார் அம்மா. அம்மாவின் பெயர் அதுவன்று, போதும்பொண்ணு.

மதுரை, தேனி, விருதுநகர் மாவட்டச் சிற்றூர்களில் இப்பெயரைக் கேட்கலாம். ‘போதும்’ என்ற சொல்லும், பெண் என்பதன் பேச்சு வழக்கான ‘பொண்ணு’ம் சேர்ந்தது இது. அடுத்தடுத்துப் பெண்ணே பிறந்த வீட்டில், ‘பெண் போதும், இனி ஆணாகட்டும்’ என்று தெய்வத்துக்கு விடுத்த வேண்டுகோளே இப்பெயர். ‘வேண்டாம்’ என்பதும் இவ்வகையே.

குப்பம்மாள், பிச்சையம்மாள் என்னும் பெயர்களை இவற்றோடு சேர்த்தல் தவறு. முன் பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், ‘இது வெறும் குப்பை; காலன் கண்ணில் படாதிருக்கட்டும்’ என்று இட்ட பெயர்கள் அவை. அங்கே தாழ்ந்த சொல்லுக்குள் ஒளிந்திருப்பது, இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டுமென்ற ஆசை. போதும்பொண்ணு என்பதிலோ ஆசையெல்லாம் இன்னும் பிறவாத பிள்ளையின் மீது!

அம்மா நான்காவது பெண். அடுத்துப் பிறந்தவர் மாமா. “பேரு பலிச்சிருச்சு” என்று அம்மாச்சி இன்றும் சொல்வார். விலங்கியல் மாணவியாகிய நான் படித்தது வேறு. தாயின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டுமே. தந்தையின் விந்தணு எக்ஸ் கொணர்ந்தால் பெண். ஒய் கொணர்ந்தால் ஆண். ஒவ்வொரு முறையும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. ஒய் குரோமோசோமின் பங்கை 1905இல் வண்டினம் ஒன்றை ஆராய்ந்து கண்டவர், நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி.

எங்கள் ஊரில் என் வயதுப் பெண்களில் இப்பெயருடையார் ஒருவருமில்லை. மகிழ்ச்சிதான். ஆனால் கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டமே தேவைப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேரே. பெயர் மறைந்தது, எண்ணம் மறைந்ததா?

குரோமோசோம் பாடத்தை அம்மாவுக்கு விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், “அப்ப எங்கம்மாவ எதுக்கு அத்தன பேச்சு பேசுனாக?” என்றார். என்னிடம் விடையில்லை.

அன்று விண்ணப்பத்தில் போதும்பொண்ணு என்றே எழுதினேன். அந்தப் பெயருக்காக வெட்கப்பட வேண்டியவர் என் அம்மா அல்லர்.