தாத்தாவிடம் கேட்ட பாடம்

1937-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு விசித்திரமான வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்டது. நாட்டு வழக்காறுகளைத் திரட்டும்பொருட்டு இரண்டாண்டு முன்னர் அரசாங்கம் நிறுவிய குழுவின் ஏற்பாட்டில், சுமார் 5,000 பள்ளிகளைச் சேர்ந்த, பெரும்பாலும் 11 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர், பாட்டன் பாட்டிமாரையும் அண்டை அயலாரையும் அணுகி, அவர்கள் சொன்னதைத் தங்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த விஷயங்களில் ஒன்று, பழைய பள்ளிக்கூடங்கள்.

கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாகாது என்று 1695-இல் பிறந்த சட்டம் அவர்களுடைய கல்வியை ஒழித்துவிடவில்லை. வேலி மறைவுக்கும் பாழடைந்த கொட்டகைக்கும் துரத்திற்று. 1782-இல் தடை தளர்ந்த பின்னரும், மண்குடிசைகளில் நடைபெற்ற இந்த 'வேலிப் பள்ளி'களே ஏழைகளுக்குப் புகலிடமாக இருந்தன. உபாத்தியாயருக்குச் சம்பளம் சில்லறைக் காசாகவோ, வெண்ணெயாகவோ, சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய எரிமண் கட்டியாகவோ வந்தது. எழுத்தும் கணக்கும் கற்பித்தவர்களுள் லத்தீன் கற்பிக்கும் வித்துவான்களும் இருந்தார்கள். நாவலாசிரியர் வில்லியம் கார்ல்டன் இத்தகைய பள்ளிகளில் பயின்றவரே.

1831-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தேசியப் பள்ளிகளை ஏற்படுத்தியபோது, நல்ல கட்டடமும் பாடப் புத்தகமும் நாளடைவில் கிராமத்துக்கு வந்தன. ஆனால் ஐரிஷ் பாஷைக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, அவன் ஐரிஷில் பேசும்தோறும் அதில் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டுக்களை எண்ணித் தண்டித்தார்கள். ஆங்கிலம் அறியாதவனுக்கு உத்தியோகமும் இல்லை, கடல் கடந்த பிழைப்பும் இல்லை என்று அஞ்சிய பெற்றோரும் இதற்கு உடன்பட்டார்கள் என்பதே இந்தச் சரித்திரத்தின் மிகக் கசப்பான பகுதி.

சுதந்திரம் பெற்ற அயர்லாந்தில், அந்தத் தேசியப் பள்ளிகளின் வாயிலாகவே, முதியோர் பேச்சை ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதி வரும்படி பேரப்பிள்ளைகளுக்குக் கட்டளை பிறந்தது. குளிர்காலத்தில் வகுப்பறை அடுப்புக்காக ஆளுக்கோர் எரிமண் கட்டி சுமந்து சென்ற பிள்ளைகளே இந்த ஏடுகளையும் எழுதினார்கள். கிழவர்களின் ஞாபகத்தில் வருஷங்கள் முன்பின்னாகியிருக்கலாம். ஆயினும், மாணவர் தொகையைக் கணக்கிட்ட அதிகாரிகளின் அறிக்கைகள் கேளாமல் விட்ட கேள்விகளுக்கு, அதாவது உபாத்தியாயர் எந்த வீட்டில் தங்கினார், எதற்காக அடித்தார், பிள்ளைகள் எதன்மேல் உட்கார்ந்தார்கள் என்பவற்றுக்கு, விடை தருபவை இந்த நோட்டுப் புத்தகங்களே.