கல்யாண கேசட்டை டிஸ்க் ஆக்குகிறார்கள்!
கம்ப்யூட்டரில் ஓடுகிறது; ஊரில் ஓட மறுக்கிறது. காரணம் என்ன?

1982-ம் ஆண்டு டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அந்த ஆண்டுதான் நம் நாட்டில் கலர் டெலிவிஷன் வந்தது. அதன் பின்னாலேயே வீடுகளுக்கு ‘டெக்’ வந்தது. கல்யாண மண்டபத்துக்கு வீடியோக்காரரும் வந்தார். உதவியாள் ஒருவர் கண் கூசும் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, தோளில் கேமராவுடன் அவர் பந்தி பந்தியாகச் சுற்றி வந்தார்.

அப்போது எடுத்த கேசட்டுகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்கள், ஊரிலிருந்து கொண்டு வந்த டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதில் தாலி எடுத்துக் கொடுத்த தாத்தா இன்று இல்லை. ஊஞ்சல் பாட்டுப் பாடிய அத்தையும் இல்லை. போட்டோவில் அவர்கள் முகம் இருக்கிறது, குரல் இல்லை. குரல் இருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

ஆனால் கேசட்டைப் போட்டுப் பார்க்க ‘டெக்’ எங்கே? வி.எச்.எஸ். கேசட் 1976-ல் ஜப்பானில் பிறந்தது. அதற்கான கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த புனாய் என்ற ஜப்பான் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு மும்பை மழை. ஈரக்காற்றில் கேசட் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடுகிறது. இன்னும் தள்ளிப்போட முடியாது என்ற நிலை.

ஆகவே வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்து, கேசட்டை டிஸ்க் ஆக்கும் வேலையில் பலர் இறங்குகிறார்கள். இறங்கியபின்தான் தொல்லை தெரிகிறது.

பெயரை மாற்றினால் போதுமா?

மாதுங்கா லேபர் கேம்பில் வசிக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். எம்.பி.4 பைலாக அது நன்றாக ஓடுகிறது. அதை அப்படியே ஒரு டி.வி.டி.யில் எழுதி, திருநெல்வேலிக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறார். ஊரில் வயதான தாயார் பிளேயரில் போடுகிறார். ‘டிஸ்க் சரியில்லை’ என்று திரையில் வருகிறது. மகன் அனுப்பியது கெட்டுப்போய்விட்டது என்று தாயார் நினைக்கிறார். உண்மையில் டிஸ்க் கெடவில்லை. பிளேயருக்கு அந்தப் பாஷை தெரியவில்லை, அவ்வளவுதான்!

பழைய டி.வி.டி. பிளேயருக்குத் தெரிந்தது எம்பெக்-2 என்ற முறை. செல்போனும் இன்றைய கம்ப்யூட்டரும் பெரும்பாலும் எச்.264 போன்ற புதிய முறைகளில் படத்தைச் சுருக்குகின்றன. எம்.பி.4 என்பது வெளியே இருக்கும் பாத்திரம், எச்.264 உள்ளே இருக்கும் பதார்த்தம். டப்பாவின் மேல் ‘ரசம்’ என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருக்கும் சாம்பார் ரசம் ஆகிவிடாது. அதுபோல, பைல் பெயரின் கடைசியில் எம்.பி.4 என்பதை அழித்து எம்.பி.ஜி. என்று எழுதினால் படம் மாறிவிடாது. முறைப்படி மாற்றித்தான் ஆகவேண்டும்.

டி.வி.டி. பிளேயர் எதிர்பார்ப்பது இதுதான்: நம் நாட்டு ‘பால்’ முறை. படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள். ஒலி 48 கிலோ ஹெர்ட்ஸ். இவை எல்லாம் சேர்ந்து டிஸ்கில் ‘வீடியோ_டி.எஸ்.’ என்ற போல்டருக்குள், வி.ஓ.பி., ஐ.எப்.ஓ., பி.யு.பி. என்று முடியும் பைல்களாக இருக்கவேண்டும். டிஸ்கைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் இந்தப் போல்டர் தெரியவேண்டும். ஒற்றை எம்.பி.4 பைல் மட்டும் தெரிந்தால், அது பைல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க். பிளேயரில் ஓடும் டி.வி.டி. அல்ல.

எந்த சாப்ட்வேர் எதற்கு?

விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் டி.வி.டி. தயாரிக்கும் வசதி கூடவே வந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது தனியாக ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். ‘டிவிடிஸ்டைலர்’ இலவசமாகக் கிடைக்கிறது. எம்பெக்-2 ஆக மாற்றுவதையும் போல்டர் அமைப்பதையும் அதுவே செய்துவிடும்.

‘ஹேண்ட்பிரேக்’ என்பதும் இலவசம்தான், நல்ல சாப்ட்வேர்தான். ஆனால் அது எம்.பி.4, எம்.கே.வி. போன்ற பைல்களைத் தருமே தவிர, பிளேயரில் ஓடும் டி.வி.டி.யைத் தராது. இது தெரியாமல் அதனுடன் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

முதலில் கேசட்டைக் கவனிக்க வேண்டும்

பூஞ்சை படிந்த கேசட்டை ‘டெக்’கில் போடவே கூடாது. நாடாவும் கெடும், ‘டெக்’கின் ஹெட்டும் அழுக்காகி, அடுத்துப் போடும் கேசட்டும் கெடும். அத்தகைய கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. பூஞ்சை இல்லாத கேசட்டானாலும், நாளாக ஓடாமல் இருந்தால், முதலில் கடைசிவரை ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட நாடா இளகும்.

‘டெக்’கையும் கம்ப்யூட்டரையும் இணைக்க யு.எஸ்.பி. கேப்சர் கருவி வேண்டும். அதன் அமைப்பில் ‘பால்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘என்.டி.எஸ்.சி.’ என்று இருந்துவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். அல்லது உருண்டு ஓடும். கேசட் கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

பதிவு 4 ஜி.பி. அளவில் திடீரென்று நின்றுபோவதும் உண்டு. பைல் போய்ச் சேரும் டிரைவ் ‘பேட் 32’ முறையில் இருப்பதே காரணம். அந்த முறையில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே பைலாக வைக்க முடியாது. ‘என்.டி.எப்.எஸ்.’ முறையில் உள்ள டிரைவில் பதிவு செய்தால் நிற்காது.

மூன்று மணி நேரம் அடங்குமா?

கல்யாணக் கேசட்டுகள் பெரும்பாலும் 3 மணி நேரம். டி.வி.டி.யின் உறையில் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டரோ 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. டிஸ்க் ஒன்றேதான்.

கணக்கு இப்படி: 2 மணி நேரப் படத்துக்கு வினாடிக்குச் சுமார் 4,800 கிலோபிட் கொடுக்கலாம். 3 மணி நேரம் என்றால் சுமார் 3,100-தான் கொடுக்க முடியும். மீதி இடம் ஒலிக்கு. இதற்கு மேல் கொடுத்தால், எழுதும்போது ‘இடம் போதவில்லை’ என்று வரும்.

குறைத்தால் படம் கட்டம் கட்டமாகத் தெரியாதா? தெரியலாம். அதற்கும் வழி இருக்கிறது. வி.எச்.எஸ். கேசட்டில் உள்ள நுணுக்கம் குறைவுதான். ஆகவே 720-க்குப் பதிலாக 352-க்கு 576 என்ற அளவை வைத்துக்கொள்ளலாம். டி.வி.டி. விதிப்படி அதுவும் செல்லும். குறைந்த இடத்திலும் படம் தெளிவாக இருக்கும். அல்லது முகூர்த்தம் ஒரு டிஸ்க், வரவேற்பு ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடலாம்.

வாய் அசைகிறது, பேச்சு பிறகு வருகிறது!

அடிக்கடி வரும் தொல்லை இது. முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் பார்த்தால் காரணம் பிடிபடும்.

ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிந்தி வந்தால், ஒலியை அந்த அளவுக்கு முன்னால் நகர்த்தினால் போதும். ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போக வித்தியாசம் வளர்ந்தால், பதிவின்போது இடையில் சில படங்கள் விடுபட்டிருக்கின்றன என்று பொருள். பதிவு ஓடும்போது கம்ப்யூட்டரில் வேறு வேலை செய்தால் இப்படி ஆகும். மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி பதிவு செய்வதே நல்லது.

பழைய கல்யாணத்துடன், செல்போனில் எடுத்த அறுபதாம் கல்யாணத்தையும் சேர்க்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். செல்போன் எல்லா நேரமும் வினாடிக்கு ஒரே எண்ணிக்கையில் படம் எடுப்பதில்லை; வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டும், குறைக்கும். அதை முதலில் வினாடிக்கு 25 என்று நிலையாக மாற்றிக்கொண்டு, பிறகு டி.வி.டி. ஆக்க வேண்டும்.

ஒல்லியான மாப்பிள்ளை திரையில் குண்டாகத் தெரிகிறாரா? பழைய படம் 4-க்கு 3 என்ற வடிவம். அதை 16-க்கு 9 என்று குறித்துவிட்டால் இப்படி இழுத்துக் காட்டும். குறிப்பை மாற்றினால் மாப்பிள்ளை பழையபடி ஆகிவிடுவார்.

எழுதும்போது பாதியில் நின்றால்...

டிஸ்கில் எழுதுமுன், படம் முழுவதையும் ‘ஐ.எஸ்.ஓ.’ என்ற ஒரே பைலாகக் கம்ப்யூட்டரில் செய்துகொள்ள வேண்டும். அதை வி.எல்.சி.யில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே சரியாக ஓடினால் தயாரிப்பில் குறை இல்லை. அதன் பிறகு வரும் கோளாறு டிஸ்கிலோ டிரைவிலோதான். இந்த ஒரு பழக்கம் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்; வீணாகும் டிஸ்கும் குறையும்.

விண்டோஸில் அந்தப் பைலின் மேல் வலது கிளிக் செய்தால் ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்று வரும். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் கட்டத்திலும் டிக் போட வேண்டும்.

பாதியில் நிற்பதற்குச் சாதாரணக் காரணங்கள் மூன்று. முதலாவது, வேகம். 16 எக்ஸ் என்று எழுதிய டிஸ்கை 4 அல்லது 8 எக்ஸ் வேகத்தில் எழுதலாம். 4 எக்ஸில் முழு டிஸ்க் எழுதச் சுமார் கால் மணி நேரம் ஆகும், பொறுக்கலாம். இரண்டாவது, மின்சாரம். லேப்டாப்புடன் இணைக்கும் வெளி டிரைவை நேராக யு.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். நான்கு துளை ஹப்பில் செருகினால் மின்சாரம் போதாமல் நிற்கலாம். மூன்றாவது, ‘பவர் காலிபிரேஷன் எரர்’ என்று வருவது. அந்த டிரைவுக்கும் அந்த டிஸ்குக்கும் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். வேறு கம்பெனி டிஸ்க் போட்டால் பெரும்பாலும் சரியாகும். எந்த டிஸ்க் போட்டாலும் அதே பிழை வந்தால் டிரைவின் லென்ஸ் அழுக்கு. அல்லது டிரைவின் ஆயுள் முடிந்தது.

கம்ப்யூட்டரில் ஓடி, பிளேயரில் ஓடாவிட்டால்...

காலி டிஸ்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். பென் டிரைவ் போலப் பயன்படுத்துவதா, பிளேயருடன் பயன்படுத்துவதா என்று. பென் டிரைவ் போல என்று சொல்லிவிட்டால் பிளேயர் அதைப் படிப்பது சந்தேகமே. இரண்டாவதைச் சொன்னாலும், உள்ளே வீடியோ_டி.எஸ். போல்டர் இருந்தால்தான் பலன் உண்டு.

டிஸ்கை ‘பைனலைஸ்’ செய்து மூட வேண்டும். மூடாத டிஸ்கைக் கம்ப்யூட்டர் படிக்கும், பிளேயர் படிக்காது. அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. டிஸ்குகளைப் பழைய பிளேயர்கள் சில ஏற்பதில்லை. ஊருக்கு அனுப்புவது டி.வி.டி.-ஆர் ஆக இருப்பது நல்லது.

ஊர் வீட்டு டெலிவிஷனில் யு.எஸ்.பி. துளை இருந்தால், எம்.பி.4 பைலைப் பென் டிரைவில் அனுப்புவது இன்னும் சுலபம். ஆனால் பென் டிரைவ் கொண்டுபோகத்தான். பல வருடம் பாதுகாத்து வைக்க அல்ல.

அழிக்குமுன் ஒரு போன்!

பெரிய நஷ்டம் ஏற்படுவது கடைசியில்தான். ‘எழுதி முடிந்தது’ என்று கம்ப்யூட்டர் சொன்னவுடன், இடத்தை அடைக்கிறதே என்று பைலை அழித்துவிடுகிறார்கள். கேசட்டையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து டிஸ்க் நின்றுவிட்டால், தாத்தாவின் குரல் போனது போனதுதான். எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

‘எழுதி முடிந்தது’ என்பது கம்ப்யூட்டர் சொல்லும் பேச்சு. ‘தெரிகிறது, கேட்கிறது’ என்று ஊரில் இருப்பவர் சொல்லவேண்டும். முதல் டிஸ்கை அனுப்பி, ஆரம்பம், நடு, முடிவு மூன்றையும் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லி, போனில் கேட்ட பிறகே மற்ற டிஸ்குகளை எழுத வேண்டும்.

அதன் பிறகும் பைல் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். டிஸ்க் ஒன்று மும்பையில், ஒன்று ஊரில் இருக்கட்டும். எழுதும் டிஸ்கில் இருப்பது ஒரு சாயப் பூச்சு. வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். உறையில் போட்டு, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனாவால் மேலே எழுதக்கூடாது, காகிதமும் ஒட்டக்கூடாது. மார்க்கர் பேனாவே ஏற்றது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்து, தடங்கல் தெரிந்தால் உடனே புது டிஸ்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேசட்டை என்ன செய்வது? டிரங்குப் பெட்டியிலேயே அது இருக்கட்டும். பட்டுப் புடவைக்குக் கொடுக்கும் இடத்தில் அதற்கும் கொஞ்சம் கொடுத்தால் குறைந்துபோகாது.