ஃப்ரீசரில் சாகாத புழு

2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் ஒரு குடும்பத்தார் ஒன்பது பேர் கூடினார்கள். விருந்தில் கருங்கரடிக் கறி. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து வடகாட்டில் வேட்டையாடியது. 45 நாள் வீட்டு ஃப்ரீசரில் கிடந்தது. காய்கறிகளோடு கம்பியில் கோத்துக் கபாப் சுட்டார்கள். கரடிக் கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு என்பதால், வெந்ததா இல்லையா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. சாப்பிடத் தொடங்கிய பிறகே உள்ளே பச்சையாக இருப்பது தெரிந்து, மறுபடி நெருப்பில் காட்டினார்கள்.

அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஆறு பேருக்கு நோய். காய்ச்சல், தாங்கமுடியாத தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் என்று ஓர் இளைஞர் 17 நாளில் நான்கு முறை மருத்துவரிடம் ஓடினார். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் எகிறியிருந்தன. இந்த ஆறு பேரில் இருவர் கறியைத் தொடவே இல்லை. அதே கம்பியில் வெந்த காய்கறியை மட்டும் தின்றவர்கள். பச்சைக் கறியின் சாறு பட்டதே போதுமானதாக இருந்திருக்கிறது.

நோயின் பெயர் டிரைக்கினெல்லோசிஸ். காரணம் டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழு. 1835இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பிணத்தை அறுத்துப் பயின்றுகொண்டிருந்த முதலாண்டு மாணவர் ஜேம்ஸ் பேஜட், தசையில் சின்னஞ்சிறு வெண்புள்ளிகளைக் கவனித்தார். அவற்றுக்குள் சுருண்டு கிடந்தன புழுக்கள். அவற்றால் சாவும் நேரும் என்று தெரிய இன்னும் 25 ஆண்டு பிடித்தது. 1860இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஓர் இளம்பெண்ணின் மரணத்தை ஆராய்ந்த ஃப்ரீட்ரிக் சென்கர், அவள் தின்ற பன்றிக்கறிவரை தடம் பிடித்துச் சென்றார்.

குடற்புழுக்கள் பலவும் வாழ்வில் ஒரு பகுதியை மண்ணிலோ நீரிலோ கழிக்கும். டிரைக்கினெல்லாவோ வெளியுலகுக்கு வருவதே இல்லை. ஒரு விலங்கின் தசையிலிருந்து அதைத் தின்ற விலங்கின் தசைக்கு: அவ்வளவுதான் அதன் பயணம். புழு சுருண்டு கிடக்கும் கூட்டை இரைப்பை அமிலம் கரைக்க, வெளிவரும் இளம்புழு சிறுகுடலில் சில நாளில் முதிர்கிறது. பெண்புழு முட்டையிடுவதில்லை, நேரே குட்டி போடுகிறது. குட்டிகள் ரத்தத்தில் ஏறி நாக்கு, தாடை, உதரவிதானம் போன்ற ஓயாது உழைக்கும் தசைகளை அடைகின்றன. பெரும்பாலான வகைகள் அங்கே ஒரு தசைச் செல்லுக்குள் புகுந்து அதன் வேலையையே மாற்றிவிடுகின்றன. சுருங்கி விரியவேண்டிய செல், புழுவுக்கு உணவூட்டும் செவிலியாகிறது. அதைச் சுற்றிப் புதிய ரத்த நுண்குழாய்களும் முளைக்கின்றன. அடுத்தவன் வீட்டில் புகுந்து, அவன் செலவிலேயே தண்ணீர்க்குழாயும் போட்டுக்கொள்கிற சாமர்த்தியம்!

ஆகவே கறியும் அழுகிய பிணமும் தின்கிற விலங்குகளிடம்தான் இது மிகுதி: கரடி, நரி, காட்டுப்பன்றி, கடல்மிருகமான வால்ரஸ். தோலுரித்த உடலை வேட்டைக்காரர்கள் காட்டிலேயே வீசிவிட்டுப் போனால், அதைத் தின்னும் விலங்குக்குத் தொற்றைப் பரிமாறியது போலத்தான்.

புழுவைக் கொல்ல ஃப்ரீசரை நம்புவதிலும் நியாயம் இருக்கிறது. பன்றியில் வாழும் டிரைக்கினெல்லா ஸ்பைராலிஸ், மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் வைத்தால் மெல்லிய துண்டுகளில் செத்துவிடும். வடதுருவப் பக்கத்து விலங்குகளில் வாழும் டிரைக்கினெல்லா நேட்டிவா வேறு ரகம். ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் பிணங்களில் பிழைத்தால்தானே அதற்கு அடுத்த வீடு கிடைக்கும்? மேற்சொன்ன குடும்பத்தின் ஃப்ரீசரில் மிஞ்சியிருந்த கறியைச் சோதித்தபோது, 15 வாரத்துக்கு மேல் உறைந்திருந்தும் புழுக்கள் நெளிந்தன. உப்பிடுவதையும் புகையூட்டுவதையும் உலர்த்துவதையும்கூட நம்ப முடியாது. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும். அதைக் காட்ட வெப்பமானி வேண்டும்.

1897இல் பலூனில் வடதுருவம் புறப்பட்ட ஸ்வீடன்காரர் சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே கதையிலும் இந்தப் புழு தலைகாட்டுகிறது. பலூன் பனியில் இறங்கிவிட, அவரும் இரு தோழர்களும் துருவக்கரடிகளைச் சுட்டுத் தின்றபடி நடந்தார்கள். அவர்களின் எச்சங்கள் குவீடோயா தீவில் கிடைத்தது 1930இல்தான். முகாமில் கிடந்த கரடி மிச்சங்களில் டிரைக்கினெல்லா இருந்ததைக் கண்ட டேனிஷ் மருத்துவர் எர்ன்ஸ்ட் ட்ரீடே, இதுவே மூவரையும் கொன்றது என்று 1952இல் எழுதினார். குளிரும் களைப்புமே போதுமே என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் காட்டுப்பன்றிக் கறிக்குச் சோதனை கட்டாயம். வழி எளியது: தசைத்துண்டைப் பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீரில் கரைத்து, அடியில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இரைப்பை செய்வதையே கண்ணாடிக் குடுவையில் செய்கிறார்கள். கனடாவின் நுனாவிக் பகுதி இனூயிட் மக்களும் இதே முறையைக் கையாள்கிறார்கள். வால்ரஸை வீழ்த்தியதும் வேட்டைக்காரர்கள் அதன் நாக்கைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரும்வரை கறியைப் பங்கிடுவதில்லை. புழு இருந்தால் அந்தக் கறி யார் தட்டுக்கும் போகாது.