தடைக்கால நிதி: படகு இல்லாத மீன் குடும்பங்களுக்கு என்ன உண்டு?



ஏப்ரல் பிறந்தாலே வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் பாகூர்ப் பக்கமும் மீன் விற்றுப் பிழைக்கும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "தடைக்காலப் பணம் நமக்கும் உண்டா?" சென்ற ஆண்டு இதைக் கேட்டு வந்த சகோதரிகளுக்கு நாமே தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த விளக்கம்.

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது அந்தந்த மாநில அரசு. அதற்கு அப்பால் மத்திய அரசு. ஆனால் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் தாண்டினால் சற்றுத் தூரத்தில் கடலூர் மாவட்டக் கரை வந்துவிடுகிறது. முட்டையிடும் மீன் எல்லைக்கல் பார்ப்பதில்லை. ஒரு மாநிலம் மட்டும் தடை போட்டால் பயனில்லை. அதனால்தான் கிழக்குக் கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் ஒரே தடை.  எஞ்சின் இல்லாத கட்டுமரங்களுக்கு விலக்கு உண்டு. நம் மாஹே மட்டும் மேற்குக் கரை என்பதால் அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே அரசுக்கு இரண்டு காலண்டர்!

தடை பொது என்றாலும் பணம் பொது இல்லை. நிவாரணத் தொகையை ஒவ்வொரு அரசும் தானே முடிவு செய்கிறது. தமிழ்நாடு 2023இல் 5,000 ரூபாயை 8,000 ஆக உயர்த்தி அறிவித்தது. புதுச்சேரி தன் தொகையைத் தனியே அறிவிக்கிறது. இதுபோக, பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு சேமிப்பு நிவாரணமும் உண்டு. மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் அரசு 3,000 சேர்த்து, மூன்று மாதங்களுக்கு மாதம் 1,500 வீதம் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் அரசுப் பங்கை மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாகப் போட வேண்டும். யூனியன் பிரதேசங்களுக்கு முழுவதும் மத்திய அரசே தருகிறது. ஆகவே "மாநிலப் பங்குக்குப் பணம் இல்லை" என்ற பதில் புதுச்சேரியில் இத்திட்டத்துக்குப் பொருந்தாது.

ஆனால் இவை இரண்டும் கடலுக்குப் போகிறவர்களுக்கானவை. கூடை சுமக்கும் பெண்ணும் டி.வி.எஸ்.ஸில் ஐஸ் பெட்டி கட்டித் தெருத்தெருவாகப் போகிறவரும் இதில் வரமாட்டார்கள். தடைக்காலத்தில் கேரளாவிலிருந்து லாரியில் வரும் மீனைக் கூடுதல் விலைக்கு வாங்கித்தான் அவர்கள் விற்க வேண்டும். ஜூன் பிறந்ததும் மேற்குக் கரையிலும் தடை வந்துவிடும். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பது அந்த நாட்களில்தான். வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்வதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுமா?

அவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது. அதே மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டியுடன் கூடிய மோட்டார் சைக்கிளுக்கு மதிப்பீடு 75,000 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 60 சதவீதம், அதாவது 45,000 ரூபாய் மானியம். மற்றவர்களுக்கு 40 சதவீதம், 30,000 ரூபாய். சைக்கிளுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் இதே விகிதம்தான். இது கடன் அல்ல, மானியம். மீதித் தொகைக்கு வெளியே கை நீட்டும் முன் நம் டிரஸ்டின் கர்ளன் ஹஸனா நிதியைக் கேளுங்கள். 2020-21இல் தொடங்கிய இத்திட்டம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது, தாமதம் கூடாது.

விபத்துக் காப்பீடும் உண்டு. மீன் சார்ந்த தொழிலாளர்களும் 18 முதல் 70 வயது வரை இதில் சேரலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 வரை. பிரீமியம் முழுவதும் அரசுடையது.

முதலில் தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பெயர் பதிய வேண்டும். மீன் விற்பவர்களும் பதியலாம். பொதுச் சேவை மையத்தில் செய்து தருவார்கள். மானியத்துக்கான விண்ணப்பம் மீன்வளத் துறைக்குத் தனியாகப் போக வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் நகல்களுடன் ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். படிவத்தை நாமே எழுதித் தருகிறோம். பெண்கள் அஸருக்குப் பின் வரலாம். பாஸ்புக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பீவி ஓரிடத்திலும் பீ ஓரிடத்திலும் இருந்தால், இன்ஷா அல்லாஹ், அதை முதலில் திருத்திக்கொள்வோம்.