மேடையில் கிற்றார் ஏன் உறுமுகிறது?



எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது பள்ளிக்கூடத்தில் கிற்றார் பழகுகிறார்கள். தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா, ஊர் ஒன்றுகூடல் என்று வந்தால் ஒரு பிள்ளை கிற்றார் மீட்ட இன்னொரு பிள்ளை பாடுவது இலண்டனில் வழக்கமாகிவிட்டது. வீட்டுக் கூடத்தில் அந்தப் பாட்டு அருமையாக இருக்கும். மண்டபத்தில் ஒலிபெருக்கிக்குள் போனவுடன் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கிளம்பும். வாத்தியம் எது, குரல் எது என்று பிரிக்க முடியாது. முன்வரிசையில் இருக்கும் அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளையின் தமிழில் ஒரு சொல்லும் விளங்காது.

உடனே ஒலியமைப்பாளர் கிற்றாரின் சத்தத்தைக் குறைப்பார். உறுமல் போகும், கிற்றாரும் போய்விடும். அடுத்த வருடம் விழாக் குழுவினர், "தம்பி, கரோக்கேயைப் போட்டுப் பாடுங்கோ, அதில கரைச்சல் இல்லை" என்பார்கள். இப்படிச் சொல்லக் கேட்டு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும்.

இருபது வருடத்துக்கு மேலாக விழா மேடைகளில் மிக்சருக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த உறுமலுக்காகக் கிற்றார் முழுவதையும் குறைக்கத் தேவையில்லை. பாட்டுக்கு வேண்டாத அடித்தொனி ஒன்று அதற்குள் புகுந்துகொள்கிறது. அதை மட்டும் பிடித்து வெளியே எடுக்கலாம்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். ஒலியின் அதிர்வை ஹேர்ட்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு செக்கனில் எத்தனை தரம் அதிர்கிறது என்பதே அதன் பொருள். கிற்றாரின் தடித்த தந்தியை வெறுமனே மீட்டினால் 82 ஹேர்ட்ஸ், மெல்லிய தந்தி 330 ஹேர்ட்ஸ். இது தந்தியின் கணக்கு. பெட்டிக்கு வேறொரு கணக்கு உண்டு. வெறும் சோடாப் போத்தலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரே ஒரு சுரம் வருமல்லவா? கிற்றார்ப் பெட்டியும் வட்டத் துளை வைத்த ஒரு போத்தல்தான். உள்ளே இருக்கும் காற்றுக்கென்று ஒரு சொந்தச் சுரம் இருக்கிறது. பெரிய உடல் கொண்ட கிற்றாரில் அது அநேகமாக 100 ஹேர்ட்ஸை ஒட்டி வரும். அதற்கு மேலே, ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸ் அளவில், முன்பலகையும் தன் பங்குக்கு அதிரும்.

இதை வீட்டிலேயே பரிசோதிக்கலாம். தந்திகளைக் கையால் பொத்திக்கொண்டு, துளைக்கு அருகே வாயை வைத்து, அப்பாவோ அண்ணாவோ தாழ்ந்த குரலில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பாடட்டும். ஓரிடத்தில் பெட்டி தானாகவே பதில் சொல்லும், மடியிலே அதிர்வு தெரியும். அந்தச் சுரம்தான் மண்டபத்தில் உறுமப் போகும் சுரம்.

ஏனென்றால் வீட்டில் கிற்றாரின் ஒலி போனது போனதுதான். மண்டபத்தில் அது ஒலிபெருக்கியால் வெளியே வந்து, காற்று வழியாகத் திரும்பவும் துளைக்குள் நுழைந்து பெட்டியை ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தைப் பாலத்துக்குக் கீழே இருக்கும் பிக்கப் எடுத்து மறுபடி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடும். எல்லாச் சுரமும் சமமாகக் கூடுவதில்லை. பெட்டிக்குப் பிடித்த சுரம்தான் முந்திக்கொண்டு வளர்கிறது.

இதோடு சேர்ந்து இசையே இல்லாத சத்தங்களும் வரும். உள்ளங்கை பலகையில் படுவது, பிள்ளை தாளத்துக்குக் காலைத் தட்டுவது, உள்ளே கோறையான மரமேடை அந்தத் தட்டலை ஒலிவாங்கியின் தண்டு வழியே ஏற்றுவது, மண்டபத்தின் காற்றோட்ட இயந்திரம். இவற்றில் பெரும்பகுதி 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே கிடக்கிறது. கிற்றாரின் ஆகத் தாழ்ந்த சுரமே 82 என்று பார்த்தோம். தந்தியைத் தளர்த்திச் சுருதி இறக்கி வாசிக்காதவரை, அதற்குக் கீழே வருவதில் எதை இழந்தாலும் பாட்டுக்கு நட்டமில்லை.

இதற்காகவே மிக்சரில் ஒவ்வொரு வரிசையின் தலைப்பக்கத்திலும் 'லோ கட்' என்ற சின்னப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 75, 80 அல்லது 100 என்று எண் இருக்கும். நான் பார்த்த மண்டபங்களில் பாதிக்கு மேல் அந்தப் பொத்தானில் தூசிதான் படிந்திருக்கிறது! 100 என்று போட்ட பொத்தான் அநேகமாக ஓர் எட்டுச்சுரத்துக்கு 18 டெசிபெல் வீதம் குறைக்கும். அப்படியென்றால் 50 ஹேர்ட்ஸில் வரும் சத்தத்தின் சக்தி ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகிவிடும். 82 ஹேர்ட்ஸ் தந்தியும் கொஞ்சம் மெலியும்தான். ஆனால் பக்கத்தில் மிருதங்கமோ கீபோட்டோ இருந்தால் அந்த இடத்தை அவை நிரப்பிவிடும். பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் கிற்றாருக்கு நான் யோசிக்காமல் 100இல் வைப்பேன். பிள்ளை கழுத்தில் கேப்போ மாட்டியிருந்தால் இன்னும் வசதி. மூன்றாம் கட்டில் மாட்டினால் ஆகத் தாழ்ந்த சுரமே 98 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஒரு கவனம்: சில மிக்சர்களில் இந்தப் பொத்தான் ஒலிவாங்கி செருகும் துளைக்கு மட்டுமே வேலை செய்யும். கிற்றார் வயரை நேரே மற்றத் துளையில் செருகிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பயனில்லை. டி.ஐ. பெட்டி ஒன்றின் வழியாக ஒலிவாங்கித் துளைக்குக் கொண்டுவாருங்கள்.

ஊரில் கோயில் திருவிழாவுக்குப் பனையிலும் தென்னையிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வயல் தாண்டி அடுத்த ஊருக்கும் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்கும். அந்தக் குழாயில் ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. இனிமை குறைவு, காதைக் குத்தும், ஆனாலும் சொல் விளங்கியது. தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் தனக்கு மேலே இருக்கும் ஒலிகளை அது காதில் மூடிவிடும். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகள் பெரும்பாலும் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கின்றன. இப்போது இடுப்பளவு உயரமான பேஸ் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கிறோம். குழாய்க் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. கிற்றாரை அந்தப் பேஸ் பெட்டிக்கு அனுப்பாமல் விடலாம் என்கிறேன். மிக்சரில் தனி வழி இருந்தால் பேஸ் பெட்டிக்குத் தாளவாத்தியத்தையும் கீபோட்டையும் மட்டும் விடுங்கள்.

பெட்டிகளை வைக்கும் இடமும் பேசும். சுவர் மூலையில் தள்ளி வைத்த ஒலிபெருக்கியின் அடித்தொனி தானாகவே பெருகும். அதை மேடைப் பலகையின் மேலேயே வைத்தால் அதிர்வு பலகை வழியாகப் பிள்ளையின் கதிரைக்கே வரும். பிள்ளைகளுக்கு முன்னால், மேடைக்குக் கீழே, சுவரை விட்டு விலக்கி வையுங்கள். கிற்றாரின் துளை எந்த ஒலிபெருக்கியையும் நேராகப் பார்க்கக்கூடாது. இரண்டடி நகர்ந்து, உடம்பைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்ததால் மட்டுமே உறுமல் அடங்கிய விழாக்கள் உண்டு.

பிக்கப் இல்லாத கிற்றார் என்றால் ஒலிவாங்கியை நம்ப வேண்டும். அதைத் துளைக்கு முன்னால் நெருக்கி வைப்பதுதான் எங்கும் நடக்கிறது. இரண்டு வகையில் அது கேடு. பெட்டிக் காற்றின் 'பூம்' வெளியே வரும் வாசலே துளைதான். அத்துடன், ஒரு திசையிலிருந்து மட்டும் ஒலியை எடுக்கும் ஒலிவாங்கிகள் மிகக் கிட்டப் போனால் அடித்தொனியைக் கூட்டிக் காட்டும் இயல்புள்ளவை. கழுத்து பெட்டியோடு சேரும் இடத்தை, அதாவது பன்னிரண்டாம் கட்டை நோக்கி, ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பிக்கப் உள்ள கிற்றாருக்கு மலிவான ஒரு வைத்தியம் இருக்கிறது. துளையை மூடும் ரப்பர் வட்டம் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். போத்தலுக்கு மூடி போடுவது போலத்தான். மூடியிருக்கையில் கிற்றாரின் நேரடி ஒலி குறையும், பிள்ளைக்கு முதலில் பிடிக்காது. ஆனால் பிக்கப் வழியாக வரும் ஒலியில் சபையோருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு சுரம் அடம்பிடித்தால் அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள். பிள்ளை சுருதி சேர்க்கக் கிற்றாரின் தலையில் கவ்வி வைத்திருக்கும் ரியூனர் இதற்கும் உதவும். ஒத்திகையில் சத்தத்தை மெதுவாகக் கூட்டி, உறுமல் தொடங்கும்போது ரியூனரைப் பாருங்கள். 'ஜி' என்று காட்டினால் 98 ஹேர்ட்ஸ், 'ஏ' என்றால் 110. உறுமல் 200 அளவில் என்றால் அதே எழுத்துகள் எட்டுச்சுரம் மேலே, 196, 220. பிறகு இக்வலைசரில் அந்த எண்ணுக்குக் கிட்ட உள்ள தண்டை மட்டும் 4 அல்லது 6 டெசிபெல் இறக்குங்கள். பேஸ் குமிழை முழுவதும் திருகிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல், கிற்றாரின் சுவை கெடாது. கிற்றாரிலோ டி.ஐ. பெட்டியிலோ 'பேஸ்' என்று எழுதிய பொத்தான் இருந்தால் அதையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒலிபெருக்கி முன்னே தள்ளும் நேரத்தை அது தலைகீழாக்கும். ஒரு மண்டபத்தில் உதவும், இன்னொன்றில் கெடுக்கும். காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அடித்தொனியைக் குறிக்கும் பேஸ் வேறு, இது வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஒலியமைப்பாளரிடம் கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

கடைசியாக இரைச்சல் பற்றி. யாரும் வாசிக்காதபோதும் ஒரே சீராக 'ங்ங்' என்று கேட்டால் அது கிற்றாரின் உறுமல் இல்லை, மின்சாரத்தின் ஒலி. இங்கே பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் 50 ஹேர்ட்ஸ், கனடாவில் 60. அதன் மடங்குகளான 100, 150 எல்லாம் சேர்ந்து வருவதால் லோ கட் பொத்தான் இதை முழுதாக நீக்காது. பெரும்பாலும் இரண்டு கருவிகள் வெவ்வேறு செருகிகளில் எர்த் எடுப்பதால் உண்டாகும் சுற்றுத்தான் காரணம். டி.ஐ. பெட்டியில் அதற்கென இருக்கும் சின்ன ஆளியைத் தட்டினால் சமிக்ஞை வயரின் எர்த் மட்டும் விலகும், இரைச்சல் நிற்கும்.

சிலர் இதற்குக் குறுக்குவழியாகப் பிளக்கைக் கழற்றி எர்த் வயரையே வெட்டிவிடுகிறார்கள். எங்கள் விழா ஒன்றிலும் அப்படி ஒரு பிளக்கைக் கண்டு அகற்றியிருக்கிறேன். 1972இல் வேல்சின் சுவான்சி நகரில் 'ஸ்ரோன் த குறோஸ்' குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். ஒரு கை தந்தியில், உதடு ஒலிவாங்கியில் என்று உங்கள் பிள்ளையும் அதே நிலையில்தான் நிற்கிறது. வெட்டிய பிளக்கைக் கண்டால் நிகழ்ச்சி பிந்தினாலும் பரவாயில்லை, மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பிற்பகல் வெறும் மண்டபத்தில் சரிசெய்த ஒலி மாலையில் அப்படியே இராது. வந்து அமரும் சனம் கூர்மையான ஒலிகளை உறிஞ்சும், அடித்தொனியை அவ்வளவாகத் தொடாது. ஆகவே நிறைந்த சபையில் உறுமல் சற்றுக் கூடியது போலத் தோன்றும். முதற்பாட்டு நடக்கும்போது மிக்சரை விட்டு எழுந்து முன்வரிசைக்குப் போய், அம்மம்மாமார் இருக்கும் இடத்தில் நின்று கேளுங்கள். சொல் விளங்கவில்லையென்றால் கிற்றாரின் அடித்தொனியை இன்னும் இரண்டு டெசிபெல் இறக்குங்கள். கிற்றாரின் சத்தக் குமிழில் கை வைக்க வேண்டாம்.