குறை தேடும் வகுப்பறை

அமெரிக்காவின் பல உயர்நிலைப் பள்ளிகளில், ஆங்கிலப் பாடத்தில் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’ இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். ஏதென்ஸ் நகரில் கி.மு. 441 வாக்கில் அரங்கேறியதாகக் கருதப்படும் இந்த நாடகத்தைப் படித்து முடித்ததும் மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு: கதைத்தலைவரின் வீழ்ச்சிக்குக் காரணமான குணக்குறை எது? கிரியோனுக்கு ஆணவம், ஆன்டிகனிக்குப் பிடிவாதம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இந்தக் கேள்வி நாடகத்தின் உயிரையே வடிகட்டிவிடுகிறது என்பது என் கருத்து. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் கையாண்ட ‘ஹமார்ட்டியா’ என்ற சொல். அதன் வினைவடிவத்துக்குக் குறி தப்புதல் என்று பொருள். எறிந்த ஈட்டி இலக்கைத் தவறவிடுவதை ஹோமர் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். பிறவிக் குணத்தைவிட, ஒரு செயல் பிசகிப்போவதற்கே அது நெருக்கமானது.

நாடகத்துக்குள் போய்ப் பார்த்தால் இது விளங்கும். தீப்ஸ் நகரின் அரியணைக்காக அண்ணன் தம்பி இருவர் மோதி, ஒருவர் கையால் ஒருவர் மடிகிறார்கள். நகரைக் காத்து நின்றவனுக்கு அரச மரியாதை. அந்நியப் படையோடு வந்த பாலினைசஸை அடக்கம் செய்யக் கூடாது என்கிறான் புதிய அரசன் கிரியோன். போர் ஓய்ந்த மறுநாள் காலை அது. நகரைக் காத்தவனையும் எரிக்க வந்தவனையும் ஒன்றுபோல நடத்த முடியாது என்பது அவன் வாதம். துரோகிகளைத் தங்கள் மண்ணில் புதைக்க ஏதென்ஸ் சட்டமும் இடம் தரவில்லை; ஆகவே அன்றைய பார்வையாளர்களுக்கு அந்த ஆணை வெறும் கொடுங்கோன்மையாக மட்டும் தோன்றியிருக்காது. ஆன்டிகனியோ, இறந்தவருக்குரிய கடன் தெய்வங்கள் வகுத்த எழுதாச் சட்டம், அதை அரசாணை அழிக்க முடியாது என்று தன் அண்ணன் பாலினைசஸின் உடல்மீது மண் தூவுகிறாள். இரு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இது துயர நாடகமாகிறது.

தேர்வுக்குத் திட்டமான விடை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அதை நாடகமே தருகிறது. குருட்டு முனிவர் டைரீசியஸின் எச்சரிக்கையால் கிரியோன் மனம் மாறியதும், முதலில் தண்டனையாகக் குகையில் அடைத்த ஆன்டிகனியை விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்கிறார்கள் நாடகத்தின் பாடற்குழுவினர். அவனோ முதலில் உடலை அடக்கம் செய்துவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டு இறந்துவிட்டாள். அவன் மகன் ஹீமோனும் மனைவியும் அடுத்தடுத்து மாய்கிறார்கள். அந்த வரிசை ஏன் மாறியது என்ற கேள்விக்கு, ‘ஆணவம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. பிரதியின் வரிகளைக் காட்டித்தான் வாதிட வேண்டும்.

கிரேக்க நாடகத்துக்கு ஆங்கில வகுப்பில் என்ன வேலை என்பது இன்னொரு ஆட்சேபம். மொழிபெயர்ப்பு என்பதே இங்கே பலம். மனிதனைப் பற்றிய புகழ்பெற்ற குழுப்பாடலில் வரும் ‘டெய்னோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வியப்பையும் அச்சத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவர் வியப்பைத் தேர்வார், இன்னொருவர் அச்சத்தை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், ஒரு சொல் மாறினால் மனிதனைப் பற்றிய தீர்ப்பே மாறுவதைக் காண்கிறார். ஆங்கில வகுப்பு கற்பிக்க வேண்டியது இதைத்தானே?

இருபத்து நான்கு நூற்றாண்டுக்கு முந்தைய சங்கடம் இன்றைய பிள்ளைகளுக்கு எட்டாது என்பாரும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இதே நாடகத்தை நடித்தார்கள். அதில் கிரியோன் வேடம் ஏற்றவர் நெல்சன் மண்டேலா. அரசை எதிர்த்துச் சிறைப்பட்டவர் அரசனின் குரலில் பேச வேண்டியிருந்தது. அந்த அரசனின் தொடக்க உரையில் விவேகம் இருப்பதையும், பின்னால் அவன் வளையாமல் நின்றது தலைவனுக்கு அழகல்ல என்பதையும் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்தார். கண்டனம் அவரிடமும் உண்டு. ஆனால் அது எதிராளியின் வாதத்தை முழுவதும் பேசிப் பார்த்த பிறகு வந்த கண்டனம். வகுப்பறையும் அந்த வரிசையிலேயே போகட்டும். தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காக ஒரு பக்கம் எழுது, நாடகத்தின் வரிகளையே சான்றாகக் காட்டு என்று மாணவரிடம் முதலில் கேட்போம். குறையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.