அச்சுத் தமிழைத் தேடித் தரங்கம்பாடிக்கு

சூரியநெல்லி: தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் எந்த ஊரில் வெளிவந்தது? எங்கள் லயத்துத் திண்ணையில் ஒரு நாள் சாயங்காலம் இந்தக் கேள்வியைப் போட்டேன். சென்னை என்றார் ஒருவர். மதுரையாகத்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். கொல்லம் என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். "நம்ம கொல்லமா?"

நம்ம கொல்லமேதான். 1578-ஆம் வருடம் அக்டோபர் 20-ந் தேதி 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகம் அங்கே அச்சாயிற்று. ஆக்கியவர் போர்த்துக்கல் நாட்டுப் பாதிரியார் என்ரிக் என்ரிக்கஸ். இந்திய மொழி எதிலும், அதன் சொந்த எழுத்தில் அதற்கு முன் புத்தகம் அச்சானதில்லை. அதன் பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மறு வருடம் 1579-ல் கொச்சியில் இன்னொரு தமிழ்ப் புத்தகம். சரியாக நூறு வருடம் கழித்து 1679-ல், இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காட்டில் ஒரு தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி. ஆக, கேரளத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் வெறும் கொழுந்து பறிக்க வந்தவர்கள்தான் என்று யாராவது சொன்னால், நமக்கு முன்னாலேயே நம் எழுத்து இங்கே வந்துவிட்டது என்று பதில் சொல்லலாம். ரயில்வேயில் இருக்கிற நான் கொல்லம் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இந்தச் சேதி தெரியாமலேதான் போயிருக்கிறேன்.

ஆனால் பழைய அச்சு வேலையை, அது நடந்த ஊரிலேயே ஒரு பழைய வீட்டுக்குள் நின்று பார்க்க நான் அறிந்த இடம் தரங்கம்பாடி. அங்கே சீகன்பால்கு ஐயர் வாழ்ந்த வீட்டைப் பழுது பார்த்து 2017-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பாஸ் கையில் இருந்தது. என்னுடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் என் தாய்மாமா. போடியில் ஒரு சிறு அச்சகத்தில் 28 வருடம் கம்பாசிட்டராக இருந்தவர். மற்றவள் என் மகள் மலர், நாலாம் கிளாஸ்.

மலரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் வீட்டில் பேசுவது தமிழ். வாசிப்பது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தது நான்தான். அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. போன பொங்கலுக்கு மாமா அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். அதை அவள் என்னிடம் நீட்டி, "அப்பா, தாத்தா என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டபோதுதான் சுருக்கென்றது.

பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கி, போடியில் ரயில் ஏறி, மதுரையில் மாறி மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ். என் தொழில் காரணமாக ஒரு வார்த்தை: மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1926-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை. 1986-ல் நிறுத்திவிட்டார்கள். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் என்று பஸ்ஸில் போகையில் நான் ஜன்னல் வழியே பழைய பாதையைத் தேடிக்கொண்டே போனேன். மாமா தூங்கிக்கொண்டே வந்தார்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நகர வாசலைத் தாண்டினால் பழைய தெருக்கள். அங்கேதான் அந்த வீடும். உள்ளே கால் வைத்தால் வெயில் மறந்து போகிறது.

பார்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனியில் 1682-ல் பிறந்தவர். டென்மார்க் அரசர் அனுப்பி, புளுட்சோ என்ற தோழருடன் 1706 ஜூலை 9-ல் இங்கே வந்து இறங்கினார். வயது 24 கூட நிறையவில்லை. தமிழ் ஒரு சொல் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தம் இருப்பிடத்துக்கு வரச்செய்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். இதை நான் மலருக்குச் சொன்னேன். "அவ்வளவு பெரிய ஆளா? மணலிலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அச்சுப்பொறி வந்த கதை சினிமாவுக்கு ஆகும். லண்டனில் உள்ள ஒரு கிறிஸ்தவ சங்கம் அதை அனுப்பியது. வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். சரக்கறையில் கிடந்த அச்சுப்பொறி எப்படியோ தப்பியது. கூட வந்த அச்சுக்காரர் கரை சேராமலே இறந்து போனார். 1712-ல் பொறி மட்டும் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து, 1713-ல் ஆட்களோடு அனுப்பினார்கள். எழுத்து வந்தது, ஆனால் பெரிய எழுத்து. பக்கத்துக்குக் கொஞ்ச வரிதான் பிடித்தது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். சீமையிலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். பொறையாற்றுப் பக்கம் காகிதம் செய்யவும் பட்டறை போட்டார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1714-ல் தொடங்கி 1715-ல் முடிந்தது. சீகன்பால்கு 1719-ல் காலமானபோது வயது 36. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அடக்கம்.

அச்சுப்பொறி முன்னால் வந்ததும் மாமா நின்றுவிட்டார். கண்காட்சிக்கு வந்தவர் போல் நிற்கவில்லை. வேலைக்கு வந்தவர் போல் நின்றார். குனிந்தார், பக்கவாட்டில் பார்த்தார், "கையடிதான். ஒரு இழுப்புக்கு ஒரு பக்கம். நாங்க டிரெடில்ல மிதிச்சாலே முதுகு போயிரும்" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு புகையிலை டப்பாவை எடுத்தார். உள்ளே ஈய எழுத்துகள்.

அந்த டப்பா பற்றி எனக்கே அன்றுதான் தெரியும். அவர் வேலை பார்த்த அச்சகம் 2002-ல் மூடப்பட்டது. கேஸ் கேஸாக எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். தராசில் அள்ளிக் கொட்டும்போது மாமா ஒரு பிடி எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டார். முதலாளி பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாராம்.

"இதுல பழைய லை ஒண்ணு இருக்கு பாரு மாப்ளே, தும்பிக்கை வச்சது" என்று காட்டினார். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்தைச் சீர்திருத்தி அந்த வடிவங்களை மாற்றியது. கம்பாசிட்டர்களுக்கு அது சந்தோஷமான காரியம், தேட வேண்டிய அறை குறைந்தது என்று மாமா சொல்வார். ஆனாலும் தும்பிக்கை லையைத்தான் எடுத்து வைத்திருக்கிறார்!

ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி வைப்பது அபூர்வம். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். கொல்லத்துப் புத்தகத்திலும் புள்ளி கிடையாது. இதைக் கேட்ட மலர், "அப்ப எப்படி வாசிச்சாங்க?" என்றாள். தெரிந்தவர்கள் வாசித்தார்கள் என்றார் மாமா.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் அவளுக்குப் பாடம் தொடங்கிவிட்டார். ம, ல, ர் - மூன்றே எழுத்து. ஈய எழுத்து கண்ணாடி பிம்பம் போல் திரும்பியிருக்கும். கம்பாசிட்டர் அதை அப்படியே வாசிப்பார். பேர் எழுதப் பழகிய நமக்குத்தான் குழப்பம். மலருக்கு இரண்டும் ஒன்றுதான். நேர் எழுத்தே தெரியாதே! அதனால் திரும்பிய எழுத்தில் அவள் என்னைவிட வேகமாகத் தேறினாள். வீட்டுக்கு வந்ததும் என் ஸ்டாம்ப் பேடில் ஒற்றி நோட்டில் வைத்தாள். மலர். அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து லயம் முழுக்கக் காட்டினாள்.

தம்பி கார்த்திக் தன் பேரும் வேண்டும் என்று அழுதான். டப்பாவில் 'க்' இல்லை. "அது எடைக்குப் போயிருச்சும்மா" என்றார் மாமா. அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

டப்பா இப்போது அவளிடம்தான் இருக்கிறது. காலையில் இந்தப் பத்திரிகை வந்ததும் தலைப்புகளை எழுத்துக் கூட்டுகிறாள். 'ஞ' மட்டும் இன்னும் தகராறு.